ஏழு கடற்கன்னிகளும் ஒரு புல்வெளியும்

1560-ஆம் ஆண்டு. மன்னார்த் தீவுக்கு அருகே மீனவர்கள் இழுத்த வலையில் ஏழு உருப்படிகள் ஒன்றாக வந்தன. ஆணும் பெண்ணுமாகக் கடல் மனிதர்கள் என்று பேச்சு பரவியது. ஏசுசபைப் பாதிரிமார் சாட்சியாக நிற்க, கோவா வைஸ்ராயின் மருத்துவர் டிமாஸ் போஸ்கே அவற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளும் புறமும் மனிதரைப் போலத்தான் இருக்கிறது என்பது அவருடைய முடிவு! மூன்று நூற்றாண்டு கழித்து, இலங்கையின் உயிரினங்களைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னென்ட், அந்தக் கடற்கன்னிகள் வேறு யாருமல்ல, ஆவுளியா என்ற கடற்பசுதான் என்று விளக்க வேண்டியிருந்தது. வலை இழுத்தவர்களைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

மருத்துவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பெண் ஆவுளியாவின் மடி அடிவயிற்றில் இல்லை. மார்பில், துடுப்புகளின் இடுக்கில் இருக்கிறது. குட்டிக்குப் பால் கொடுப்பதும் அங்கேதான்.

ஃபுளோரிடாவிலும் அமேசானிலும் இருக்கும் மானட்டி இதற்கு ஒன்றுவிட்ட உறவு. மானட்டிக்கு ஆறும் ஊற்றும் சரிப்படும். ஆவுளியாவோ கடலை விட்டு வெளியே போகாது. கடலிலும் எல்லா இடமும் அதற்கு ஆகாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் அடிமண் வரை இறங்குகிறது, கடற்புல் செழிக்கிறது. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கும் மேல் புல் தின்னும். நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போகாமல், தடித்த மேலுதட்டால் மண்ணைக் கிளறி வேரோடு பிடுங்கும். அது மேய்ந்து போன வழி, பச்சைப் புல்வெளியின் நடுவே வளைந்து வளைந்து செல்லும் வெறும் மணல் தடமாகத் தெரியும்.

புல் இருக்கும் இடத்தில் மீனும் இறாலும் நண்டும் இருக்கும். அவை இருந்தால் வலையும் வரும். ஆவுளியாவின் வினை அங்கேதான் தொடங்குகிறது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஆவுளியா இறைச்சிக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. 1959-இல் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை அடைத்து வைத்து வளர்க்கத் தொடங்கியது. நிலையத்தின் எஸ். ஜோன்ஸ் அவற்றின் நடத்தையைக் கவனித்து 1967-இல் கட்டுரை எழுதினார். தொட்டிக்குள் அறிவியல் நடக்க, வெளியே விற்பனையும் நடந்துகொண்டிருந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் அட்டவணையில் சேர்த்த பிறகு வெளிப்படையான விற்பனை மறைந்தது. கள்ளத்தனமாக நடந்ததைச் சட்டத்தால் உடனே நிறுத்த முடியவில்லை.

இழந்ததை வேகமாக ஈடுகட்டும் பிராணியும் இல்லை அது. ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும்; அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை நீளும் இந்தப் பரப்பில் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது. வலையில் சிக்கும் ஆவுளியாவைக் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசும் தருகிறது. மேலே வந்து மூச்சு விட முடியாவிட்டால் அது சில நிமிடங்கள்தான் தாங்கும். கண்ணி கண்ணியாகப் பிரித்தெடுக்க நேரமிருக்காது. வலை போனால் போகிறதென்று கத்தியைத்தான் எடுக்க வேண்டும்.