வரி விதித்தவர் பட்ட கடன்

இங்கிலாந்தில் வருமான வரியை முதன்முதல் விதித்தவர் பிரதம மந்திரி இளைய வில்லியம் பிட். பிரெஞ்சு யுத்தச் செலவை முன்னிட்டு 1799-ல் அது வந்தது. ஆண்டுக்கு 200 பவுனுக்கு மேல் வருவாயுடையோர் பத்திலொரு பங்கு செலுத்த வேண்டும். தம் வரவைச் சர்க்காருக்கு எழுதிக் காட்டுவதை ஜனங்கள் அவமானமெனக் கொதித்தனர்.

ஊரார் கணக்கைக் கேட்ட அம்மந்திரியோ தம் வீட்டுக் கணக்கைப் பாராதவர். மணஞ் செய்து கொள்ளாத அவர் மனையில் வேலைக்காரரும் கடைக்காரரும் எழுதியதே கணக்கு. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எமக்கு இது விந்தையே! எனினும், 1789-ல் அரசர் நோயுற்றுத் தம் பதவி ஊசலாடிய வேளையில் லண்டன் வர்த்தகர் அளிக்க முன்வந்த 1,00,000 பவுனை அவர் தொடவில்லை. தொட்டிருப்பின் அவ்வர்த்தகர்மீது வரி விதிக்கக் கை எழுந்திருக்குமோ?

1806 ஜனவரியில், 46-ம் வயதில், 40,000 பவுன் கடனோடு மாண்டார். பார்லிமெண்டு அதைப் பொதுப் பணத்தினின்று தீர்த்தது. வாழ்நாளெல்லாம் எதிர்த்த பாக்ஸ், ஞாபகச் சின்னத்திற்கு இசையாராயினும் கடன் தீர்க்க இசைந்தார். அப்பணத்தில் வரி செலுத்திய சிறு கடைக்காரன் காசும் கலந்திருந்ததை யாம் மறப்பதற்கில்லை.

1816-ல் வரி ஒழிந்தபோது, ஜனங்களின் வருமானப் பத்திரங்களை அழிக்குமாறு பார்லிமெண்டு கட்டளையிட்டது. அவற்றின் பிரதிகளோ வேறொரு இலாகாவில் தப்பிக் கிடந்தன.