பருத்திப் பூவும் ஈதர்க் குப்பியும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் வழியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. கரிசல் நிலமெங்கும் பருத்தி பூத்திருக்கும். காலையில் வெளிறிய மஞ்சளாய் விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடிவிடும். அதை யாரும் பறிப்பதில்லை, சூடுவதுமில்லை. உழவருக்கு வேண்டியது காய். வணிகருக்கு வேண்டியது பஞ்சு.

இலக்கியத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். நூல் நூற்கும் பெண்டிரைப் புறநானூறு அறியும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த தொண்ணூற்றொன்பது மலர்களுள் ‘பாரம்’ என்பதற்குப் பருத்திப்பூ என்று பொருள் கொள்வர். ஒரு சொல்லோடு பட்டியல் நகர்ந்துவிடுகிறது. அந்தப் பூவை அதன் பொருட்டே பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கிய தமிழர் ஒருவரைத் தேடிப் போனால், நாம் ஒரு புலவரிடம் அல்ல, ஒரு வேதியியலாளரிடம் சென்று சேர்கிறோம்.

டி.ஆர்.சேஷாத்ரி 1900 பிப்ரவரி 3-ஆம் நாள் குளித்தலையில் பிறந்தவர். குளித்தலை இன்று கரூர் மாவட்டத்தில் உள்ளது. ஆனால் 1995-இல் பிரிக்கப்படும்வரை குளித்தலை, பெரம்பலூர், அரியலூர் மூன்றும் பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. அவ்வகையில் அவர் எங்கள் மாவட்டத்துக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.பி.டே என்ற வங்காளப் பேராசிரியரிடம் ஆய்வு பயின்று, 1927-இல் மான்செஸ்டர் சென்று இராபர்ட் இராபின்சனிடம் பணியாற்றினார். பின்னர் ஆஸ்திரியாவின் கிராத்ஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரெகலிடம், சில மில்லிகிராம் பொருளைக்கொண்டே அதன் இயைபைக் கணிக்கும் நுண்பகுப்பாய்வைக் கற்றார். நாடு திரும்பிக் கோவை வேளாண் ஆய்வு நிறுவனத்தில் சிறிது காலம் இருந்தார். 1933-இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழக வேதியியல் துறைப் பொறுப்பை ஏற்றார். பருத்திப்பூ ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

அந்த ஆய்வின் முதன்மைக் கருவி ஈதர். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான வலேரியஸ் கோர்டஸ், சாராயத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து வடித்து இதைப் பெறும் முறையை எழுதிவைத்தார். மேல்வானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் 1730-இல் வந்து சேர்ந்தது. 1846-இல் பாஸ்டன் மருத்துவமனையில் மயக்க மருந்தாகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அதன் பணி வேறு. அது நீரோடு கலக்காமல் மேலே தனிப்படலமாய் நிற்கும். நீரில் உள்ளவற்றுள் தனக்கு இசைந்ததை மட்டும் கரைத்துக்கொள்ளும். பிறகு எளிதில் ஆவியாகி, கரைத்ததை நம்மிடமே விட்டுச் செல்லும்.

அதே குணம்தான் ஆபத்தும். அதன் கொதிநிலை சுமார் 35 பாகை செல்சியஸ். பெரம்பலூரின் சித்திரை வெயிலில் குப்பியைத் திறந்து வைத்தால் அடுப்பின்றியே கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசைமீது நீர்போல் வழிந்தோடி, மறுமுனையில் எரியும் சுடரைத் தொட்டால் தீ திரும்பி ஓடிவரும். நெடுநாள் காற்றும் ஒளியும் பட்டால் குப்பிக்குள் பெராக்சைடுகள் சேரும்; அறியாமல் வற்றக் காய்ச்சினால் வெடிக்கும். மின்விசிறியும் வெந்நீர்த் தொட்டியும் மட்டுமே துணையாக, கடலோர வெப்பத்தில் அன்றைய மாணவர்கள் இதோடு பழகினார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உலர்ந்த இதழ்களைச் சூடான ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாற்றைச் சுண்டச்செய்வார்கள். பிரிபுனலில் ஈதர் சேர்த்துக் குலுக்கினால் மெழுகும் பிசினும் ஈதருக்குப் போய்விடும். சர்க்கரையோடு பிணைந்த மஞ்சள் நிறப்பொருள் நீரில் தங்கிப் படிகமாகும். நிறத்தின் மூலப்பொருளுக்கு ஏ.ஜி.பெர்க்கின் என்ற ஆங்கிலேயர் 1899-இல் காசிபெட்டின் என்று பெயரிட்டிருந்தார். எஞ்சிய கேள்வி இதுதான்: காசிபெட்டினில் ஆறு ஹைட்ராக்சில் முனைகள் உள்ளன; செடி சர்க்கரையை எந்த முனையில் கட்டிவைத்திருக்கிறது?

இங்கே ஈதர் இரண்டாம் முறை வருகிறது, திரவமாக அல்ல, ஒரு பிணைப்பாக. நீரின் இரு ஹைட்ரஜன்களுள் ஒன்றுக்குப் பதில் கார்பன் தொகுதி வந்தால் ஆல்கஹால். இரண்டுக்கும் வந்தால் ஈதர். இந்த உறவை 1850-இல் தெளிவாக்கியவர் வில்லியம்சன். ஹைட்ராக்சில் முனை ஓயாது வினைபுரியும். அதன்மேல் மெத்தில் தொகுதியை ஏற்றி ஈதராக்கிவிட்டால் அடங்கிவிடும். ஆகவே, சர்க்கரை ஒட்டிய நிலையிலேயே திறந்திருக்கும் முனைகள் அனைத்தையும் டைமெத்தில் சல்பேட்டால் மூடுகிறார்கள். பிறகு அமிலத்தில் காய்ச்சினால் சர்க்கரை கழன்று விழும். மெத்தில் ஈதர்கள் கழலா. இப்போது மூடப்படாமல் நிற்கும் ஒரே முனை எதுவோ, அதுவே சர்க்கரை இருந்த இடம். காசிபின் என்ற பொருளில் அது எட்டாம் இடம் என்று இந்த முறையில் கண்டார்கள். எத்தனை முனைகள் மூடப்பட்டன என்பதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. ஹைட்ரயோடிக் அமிலத்தில் ஈதரை உடைத்து, வெளிவரும் மெத்தில் அயோடைடை வெள்ளி அயோடைடாக்கி நிறுத்துப் பார்ப்பது 1885-இல் சைசல் வகுத்த முறை. மறைத்ததைக் கொண்டு மறைந்திருந்ததை அறியும் இந்த உத்தி, உரையாசிரியர்களைப் படித்த நமக்கு அந்நியமானதல்ல.

செடிகளும் இதே வேலையைச் செய்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. இலவங்கத்தின் மணப்பொருளிலும் மஞ்சளின் நிறப்பொருளிலும் மெத்தில் ஈதர்ப் பிணைப்பு உண்டு. சேஷாத்ரி குழுவினர் விரிவாக ஆராய்ந்த புங்க மரத்தின் கரஞ்சினிலும் உண்டு. புங்க வேரிலிருந்து அவர்கள் பிரித்த மற்றொரு பொருளுக்குக் கானுகின் என்று பெயர். ‘கானுக’ என்பது புங்கத்தின் தெலுங்குப் பெயர்.

பெயர்கள் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலகண்டமும் சேஷாத்ரியும் 1935 முதல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் எழுதிய பருத்திப்பூக் கட்டுரைகளில், கம்போடியாப் பருத்தியோடு உப்பம், கருங்கண்ணி ஆகியவையும் இடம்பெற்றன. நம் உழவர்கள் இட்ட பெயர்கள் அப்படியே வேதியியல் ஏட்டில் ஏறின. இன்று அந்தப் பெயர்கள் ஏட்டில்தான் இருக்கின்றன. 2002-இல் மரபணு மாற்றப் பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு கலப்பின வகைகளே வயல்களை நிறைத்துவிட்டன. உப்பத்தையும் கருங்கண்ணியையும் காண்பதே அரிது.

சேஷாத்ரி 1949-இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். 1960-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1975-இல் மறைந்தார். அவருடைய ஆய்வுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன. அதில் குறை காண ஏதுமில்லை. அவற்றைத் தமிழில் சொல்லும் பொறுப்பு நம்முடையதாக இருந்தது.

வேதியியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துபவன் நான். குறிஞ்சிப்பாட்டு நடத்திய அன்று, ஈதர் தயாரிக்கும் வில்லியம்சன் முறையை எழுதத் தெரியுமா என்று கேட்டேன். பெரும்பாலோர் பிழையின்றி எழுதினார்கள். சேஷாத்ரி யார் என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவர்களுள் பாதிப் பேர் விடுமுறை நாட்களில் பருத்தி எடுக்கப் போகிறவர்கள். தாங்கள் மனப்பாடம் செய்யும் சமன்பாட்டுக்கும் தாங்கள் நின்று வேலை செய்யும் நிலத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றுவரை நானும் சொன்னதில்லை. ‘பாரம்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது இப்போதெல்லாம் கூடுதலாகப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.