ஒயிலில் கிடந்த துகள்

எங்கட ஊர்க் கராச்சுகளில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கியர்பொக்ஸ் ஒயிலை வடிக்கும்போது மெக்கானிக் அண்ணை அதில் ஒரு சொட்டைத் தொட்டு இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார், மணந்தும் பார்ப்பார். பால்மாதிரி வெளுத்திருந்தால் தண்ணி போயிருக்கு. கருகல் மணம் அடித்தால் கடுமையாகச் சூடேறியிருக்கு. வெயிலில் பிடிக்கும்போது மினுங்கினால், உள்ளுக்குள் எதுவோ தேயுது. எழுதிவைக்காத அறிவுதான், ஆனால் பிழையான அறிவில்லை. அதற்கு ஓர் எல்லை மட்டும் இருக்கிறது. ஏறக்குறைய 40 மைக்ரோனுக்குக் குறைந்த துகளை வெறுங்கண்ணால் பிரித்துப் பார்க்கேலாது. பற்சில்லுகளின் வழமையான தேய்மானம் அதைவிட மிகச் சிறிய துகள்களாகத்தான் ஒயிலில் கலக்கிறது.

அந்த எல்லையைத் தாண்டும் வழியைத் திறந்தவர்கள் ஒயிலைப் பற்றி யோசித்தவர்களே இல்லை. 1859-60 காலத்தில் ஜெர்மனியின் ஹைடெல்பேர்க்கில் புன்சனும் கிர்க்கோஃபும், சூடாகி ஒளிரும் ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய நிறக்கோடுகளைத் தருகிறது என்று காட்டினார்கள். அந்த முறை பழைய ஒயிலுக்கு வந்துசேர எண்பதுக்கும் மேற்பட்ட வருடங்கள் எடுத்தது. 1940களில் அமெரிக்க ரயில் பாதைகளில் நீராவி எஞ்சின்கள் போய் டீசல் எஞ்சின்கள் வந்துகொண்டிருந்தன. டென்வர் நகரை மையமாகக் கொண்ட டென்வர் அன்ட் ரியோ கிராண்ட் வெஸ்டேர்ன் ரயில்வேயின் ஆய்வுகூடம், ஓடிய எஞ்சினின் ஒயிலை எடுத்து நிறமாலையில் பார்க்கத் தொடங்கியது. இரும்பு கூடுகிறதா, ஈயம் கூடுகிறதா என்பதை வைத்து, எஞ்சினைக் கழற்றாமலே உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகித்தார்கள். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை இதைத் தன் விமானங்களுக்கு எடுத்துக்கொண்டது. 1970களில் முப்படைக்கும் பொதுவான ஒயில் பரிசோதனைத் திட்டமே உருவாகிவிட்டது.

கியர்பொக்ஸ் ஒயிலில் பார்ப்பது உலோகத்தை மட்டுமில்லை. 40 பாகை செல்சியஸில் அதன் பாகுத்தன்மை எவ்வளவு, அமிலம் ஏறியிருக்கிறதா, தண்ணி எத்தனை பங்கு, பற்களைக் காக்கச் சேர்த்த பொஸ்பரசும் கந்தகமும் மிஞ்சியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். சிலிக்கன் கூடினால் வெளித்தூசி உள்ளே வருகிறது. செம்பு கூடினால் அநேகமாகப் பெயரிங்கின் வெண்கலக் கூடு தேய்கிறது. ஒரேயொரு தடவை எடுத்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது என்பதுதான் இதில் முக்கியம். போன முறை 40, இந்த முறை 45 என்றால் பரவாயில்லை. 40 இருந்த இடத்தில் 120 வந்தால் யோசிக்க வேண்டும். வைத்தியரிடம் பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகளைக் கொண்டுபோவது மாதிரித்தான்.

நிறமாலைமானிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. துகள் சில மைக்ரோனுக்கு மேல் பெரிதானால் அதை முழுதாக எரித்து ஒளிரவைக்க முடியாது. அதனால் பெரிய துகள்கள் கணக்கில் வராமலே போய்விடும். ஆனால் ஆபத்தானவை அவைதான். பல் உதிரத் தொடங்கினால் வருவது தூள் இல்லை, செதில். 1970களின் தொடக்கத்தில் வேர்னன் வெஸ்ட்கொட் என்ற அமெரிக்கர், ஒயிலைக் காந்தத்தின் மேல் சரிவாக வைத்த கண்ணாடித் துண்டில் ஓடவிட்டுத் துகள்களைப் பருமன்படி படியவைத்தார். பிறகு நுண்ணோக்கியில் அவற்றின் வடிவத்தைப் பார்க்கலாம். இன்னும் பெரிய செதில்களைப் பிடிக்க ஹெலிகொப்டர் கியர்பொக்ஸில் காந்தச் செருகி ஒன்று எப்போதும் இருக்கும்.

இனிச் சொல்லப்போவது அப்படியொரு செருகியில் ஒட்டிய துகளின் கதை.

வடகடலில் எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களை ஏற்றியிறக்கிய சூப்பர் பூமா ஹெலிகொப்டரில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 23,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினின் வேகத்தை அதன் கியர்பொக்ஸ் 265 சுற்றாகக் குறைத்து மேற்சுழலிக்குக் கொடுக்கிறது. அதற்குள்ளே, சூரியனைக் கோள்கள் சுற்றுவது போல நடுச்சில்லைச் சுற்றியோடும் கோள்சில்லுகள் இருக்கின்றன. 2009 மார்ச் 25 அன்று ஸ்கொட்லாந்தில் அப்படியொரு ஹெலிகொப்டரின் காந்தச் செருகியில் ஒரு உலோகத் துகள் கிடைத்தது. பராமரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. தயாரித்த கொம்பனியோடு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் கதைத்தார்கள். அந்தக் கதையில் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார். துகள் எதனாலானது என்பதும் பிழையாகக் கணிக்கப்பட்டது. கோள்சில்லுப் பகுதியைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்த நாட்களில் செருகியைப் பார்த்தபோது புதிதாக ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 1. அந்தத் துகள் கிடைத்து ஏறக்குறைய 36 பறப்பு மணித்தியாலம். மில்லர் தளத்திலிருந்து அபர்டீனுக்குத் திரும்பும் வழியில் கோள்சில்லு ஒன்று வெடித்துப் பிளந்தது. மேற்சுழலி கழன்று போனது. 16 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது இன்னொரு விசயம். கோள்சில்லுப் பகுதிக்குக் கீழே ஒரு வளையமாகக் காந்தங்கள் வைத்திருந்தார்கள், உதிரும் துகள் கீழே விழுந்து மற்றப் பற்சில்லுகளைக் கெடுக்கக்கூடாது என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அதே காந்தங்கள், கீழேயிருந்த பிரதான செருகிக்குத் துகள்கள் போய்ச்சேரும் வாய்ப்பைக் குறைத்துவிட்டன. இயந்திரத்தைக் காக்க வைத்த பொருளே சாட்சியை ஒளித்துவைத்தது! விபத்துக்குப் பிறகு அவற்றை அகற்றினார்கள்.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2016 ஏப்ரல் 29 அன்று நோர்வேயின் தூரோய் தீவருகே அதே குடும்பத்தைச் சேர்ந்த ஈசி 225 ஹெலிகொப்டர் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அங்கேயும் கோள்சில்லுதான். ஆனால் இந்த முறை யாரும் துகளைத் தவறாகப் படிக்கவில்லை, ஏனென்றால் எச்சரிக்கையே வரவில்லை. வெடிப்பு மேற்பரப்புக்கு அடியில், போதிய துகளை உதிர்க்காமல் வளர்ந்திருந்தது. உதிர்ந்ததைத்தான் ஒயில் கொண்டுவரும். உதிராததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"ஒயிலைச் சோதித்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்" என்று கருவி விற்பவர்கள் சொல்லும்போது இந்த இரண்டு விபத்துகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். முதலாவதில் சாட்சி கையிலிருந்தும் மனிதர்கள் வழிதவறினார்கள். இரண்டாவதில் சாட்சியே இருக்கவில்லை. முதலாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அதைச் சரிசெய்யப் புதிய கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இதே கோள்சில்லு ஏற்பாடு எங்களுக்குத் தூரத்து விசயமும் இல்லை. மன்னார்த் தீவில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். ஹெலிகொப்டரில் வேகத்தைக் குறைக்கிற வேலையை இங்கே கியர்பொக்ஸ் தலைகீழாகச் செய்கிறது, மெதுவாகச் சுழலும் இறகின் வேகத்தை மின்பிறப்பாக்கிக்குக் கூட்டிக் கொடுக்கிறது. அந்த உயரத்திலிருந்து ஒரு கியர்பொக்ஸைக் கழற்றி இறக்கப் பாரந்தூக்கியே வேண்டும். அதனால் காற்றாலைகளில் குறித்த இடைவெளியில் ஒயில் மாதிரி எடுப்பது உலக வழக்கம். மேலே ஏறி, ஒயில் சூடாறி அடையமுன், அடியில் தங்கிய சகதி சேராமல், சுத்தமான சின்னப் போத்தலில் பிடிக்கவேண்டும். போத்தலில் எந்த ஆலை, எத்தனை மணித்தியாலம் ஓடியது, ஒயில் எப்போது மாற்றியது என்று எழுதவேண்டும். எழுதாமல் அனுப்பினால், ஆய்வுகூடம் சரியான எண்ணைத் தந்தாலும் அதை எந்தப் பழைய எண்ணோடு ஒப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது.