தொகுதிக் கோரிக்கை (கொங்கு வட்டாரம்)

தம் தொகுதி மக்களின் குறைகளைச் சட்டமன்ற உறுப்பினர் அவையில் எழுப்பி, அரசிடம் தீர்வு கேட்பது. கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கை விவாதம் ஆகியவை இதற்கான வழிகள். கொங்கு வட்டாரத்தின் கோவை மாவட்டத்தில் 10 தொகுதிகள் உள்ளன.

இங்குள்ள கோரிக்கைகளில் மருத்துவமே முதன்மையானது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குப் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால், 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ வர வேண்டும். பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு அந்த மலைப்பாதை பெரும் ஆபத்து. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அண்டை மாவட்டங்களின் சுமையையும் தாங்குகிறது. 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நீலகிரியிலும் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டது அவசியமான ஆறுதல்.

கேட்பது சென்னையில், பணத்தின் ஒரு பகுதி வருவது டெல்லியிலிருந்து. பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் மத்திய வரிகளில் மாநிலங்களுக்கான பங்கில் 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைத்தது 4.079 விழுக்காடுதான். இந்தப் பங்கு போதாது என்ற ஆதங்கம் தொழில் வளம் மிக்க கொங்கு மண்ணில் நியாயமானது. 1969-இல் இராஜமன்னார் குழு, 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானம், 2025-இல் குரியன் ஜோசப் குழு என மத்திய–மாநில உறவு குறித்த விவாதம் தொடர்கிறது.

பொறுப்பு ஓரிடம், நிதி வேறிடம் என்ற நிலை வெளிநாட்டிலும் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக்கு 1999-இல் தனி அவை அமைந்தது. மருத்துவப் பொறுப்பு அதனிடம் வந்தது. நிதியின் பெரும்பகுதி இன்னும் லண்டனிலிருந்தே வருகிறது.