நிரலும் உரிமமும்

விழுப்புரத்துக் குனு லினக்சுப் பயனர் குழு மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருட் பயிற்சி அளித்து வருகிறது. அங்கும் திண்டிவனத்தும் ஓய்வுப்பொழுதில் நிரல் எழுத முற்படுவார் முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பினுள் அடக்கிற்று. எனவே, உரிமம் குறியாது வெளியிட்ட நிரலை, ஆக்கியோன் மறைந்து 60 ஆண்டு கழியும்வரை, பிறர் தம் விருப்பின்படி திருத்தி வழங்குதல் இயலாது.

இத்தடையை நீக்க எழுந்தனவே கட்டற்ற உரிமங்கள். முத்து அண்ணாமலை பைத்தானிற் படைத்த 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி, குனு பொது உரிமம் உடையது. 1989-இல் இசுட்டால்மன் வகுத்த இவ்வுரிமத்தின்படி, அதன் வழியாக்கத்தை வெளியிடுவோரும் மூலநிரலை அவ்வுரிமத்திலேயே வழங்குதல் வேண்டும். முத்து அண்ணாமலையே தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' நிரற்றொகுப்போ எம்.ஐ.டி. உரிமம் உடையது, மூலநிரலை மறைக்கும் மென்பொருளும் அதனை ஏற்கலாம். ஆக்கம் என்றும் பொதுவாய் நிற்க விழைவார்க்கு முன்னதும், எங்கும் பரவ விழைவார்க்குப் பின்னதும் ஏற்புடையன என்பது இதனாற் பெறப்படும்.