தேடுபொறி அடைவும் தரவரிசைத் தண்டனையும்

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டியதும் வந்து விழும் முடிவுகள், அந்தத் தேடுபொறியின் நிறுவனம் முன்கூட்டியே படித்துத் தொகுத்து வைத்த அடைவிலிருந்து எடுக்கப்படுபவை. கிராலர் எனப்படும் நிரல் ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குத் தாவிப் பக்கங்களைப் படிக்கிறது. நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. இந்த அடைவில் ஏறாத பக்கம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் தேடுபவர் கண்ணில் படாது. நிரல் எங்கெல்லாம் நுழையக் கூடாது என்பதைத் தள உரிமையாளர் ‘ரோபாட்ஸ்’ கோப்பில் எழுதி வைக்கலாம். 1994-இல் தொடங்கிய வழக்கம் இது. ஆனால் ‘படிக்காதே’ என்பது வேறு, ‘அடைவில் சேர்க்காதே’ என்பது வேறு. படிக்கத் தடை போட்ட பக்கத்தின் முகவரி, பிற தளங்களின் இணைப்பு வழியாக அடைவில் ஏறிவிடக்கூடும். சேர்க்கவே கூடாதென்றால் அந்தப் பக்கத்திலேயே ‘நோஇன்டெக்ஸ்’ குறிப்பு இருக்க வேண்டும்.

தமிழுக்கு இந்த வேலை கடினமானது. சென்னையின் ‘ராயபுரம்’ என்ற பெயர் வேற்றுமை ஏற்கும்போது ராயபுரத்தில், ராயபுரத்துக்கு, ராயபுரத்திலிருந்து என்று ஆகிறது. ஈற்று மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. சிலர் ‘இராயபுரம்’ என்று எழுதுவார்கள். எல்லாம் ஒரே ஊர் என்று அடைவுக்குத் தெரிந்தால்தான் எதைத் தட்டினாலும் விடை கிடைக்கும்.

அதைவிடப் பெரிய இழப்பு எழுத்துருக்களால் நேர்ந்தது. பொதுக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருவில் வெளிவந்தன. பாமினி எழுத்துருவில் ‘ராயபுரம்’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருந்தவை யு, எச், ஏ, ஜி, யு, கே என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேடுபொறி அந்தப் பொருளற்ற கோவையைத்தான் அடைவில் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்த முயன்றது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடுக்கு மாற்றப்படாத பழைய பக்கங்கள் இன்றும் தேடலுக்கு எட்டாமல் கிடக்கின்றன. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டு எழுத்தில் பெரும்பகுதி இப்படிக் கண்மறைவாகிப் போனது வருத்தத்துக்குரியது.

அடைவில் ஏறிய பக்கங்களை வரிசைப்படுத்துவது அடுத்த கட்டம். லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகையவை என்று பார்த்து மதிப்பிட்டது. இன்று தேடுபவர் இருக்குமிடம், பக்கம் திறக்கும் வேகம், கைப்பேசியில் அது தெரியும் விதம் எனப் பலவும் கணக்கில் வருகின்றன. ‘ராயபுரம் ரயில் நிலையம்’ என்று தேடுபவருக்கு அடுத்த மின்சார ரயிலின் நேரம் தேவைப்படலாம்; 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து புறப்பட்ட வரலாறும் தேவைப்படலாம். எதை மேலே வைப்பது என்பதே தரவரிசை.

வரிசையில் குறுக்கு வழியில் ஏற முயலும் தளங்களுக்குத் தண்டனை உண்டு. 2011 பிப்ரவரியில் கூகுளில் வந்த ‘பாண்டா’ மாற்றம் சாரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த ‘பெங்குயின்’ காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. இவை கணிமுறை தானாகச் செய்யும் இறக்கங்கள். தள உரிமையாளருக்குக் கடிதம் எதுவும் வராது. ஊழியர் ஒருவர் பார்த்து விதிக்கும் தண்டனைக்கு மட்டும் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ சேவை வழியே அறிவிப்பு வரும். குறையைச் சரிசெய்து மறுபரிசீலனை கோரலாம். உள்ளூர்த் தொழில்கள் அதிகம் சிக்குவது வாசல் பக்கங்களில். ஏசி பழுதுபார்க்கும் கடை ஒன்று ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பக்கம் போட்டால், கூகுள் விதிப்படி அது மோசடி.

தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் சீரமைக்கும் எஸ்.இ.ஓ. வேலை, நேர்மையாகச் செய்தால், பெரும்பாலும் பெயர்களைச் சரியாகக் கையாள்வதுதான். எண்ணூர்த் துறைமுகம் 2014-இல் காமராஜர் துறைமுகமானது. மக்கள் பழைய பெயரிலும் தேடுகிறார்கள். ஒரு தளம் பெயர் மாறும்போது பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் சேர்த்த மதிப்பு போய்விடும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. நடைமுறைக்கு வந்திருந்தால் ‘டோண்டியார்பேட்’ என்ற ஆங்கில வடிவத்தை நம்பியிருந்த ஒவ்வொரு தளமும் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

தண்டனை எதிர்த்திசையில், தேடுபொறி மீதே பாய்ந்த வழக்கும் உண்டு. அது சென்னையில் முளைத்தது. ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் கணினிப் பணியில் இருந்தபோது அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு தளம் தொடங்கினார். அதன் வரன் தேடும் பகுதியே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. ‘பாரத் மேட்ரிமோனி’ என்று தேடுபவருக்குக் கூகுளில் போட்டி நிறுவனங்களின் விளம்பரம் காட்டப்படுவதை எதிர்த்து, அப்போது கன்சிம் இன்ஃபோ எனப்பட்ட அதன் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2010-இல் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2012-இல் அந்நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. நுகர்வோர் அமைப்பான கட்ஸும் தனியாகப் புகார் கொடுத்தது.

2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2010-க்கு முன் கூகுள் தன் சிறப்பு முடிவுகளைப் பொருத்தம் பார்க்காமல் 1, 4, 10 என நிலையான இடங்களில் வைத்தது. தன் விமானப் பயணத் தேடலுக்குத் தனிப் பெட்டி கொடுத்து முன்னிறுத்தியது. தன் தேடலைத் தங்கள் தளத்தில் பயன்படுத்துவோருக்குப் போட்டித் தேடுபொறிகளைத் தடுக்கும் நிபந்தனை போட்டது. இவை ஆதிக்க நிலையின் முறைகேடு என்றது தீர்ப்பு. வழக்குக்கு வித்திட்ட வர்த்தகப்பெயர் விளம்பரக் குற்றச்சாட்டை மட்டும் ஆணையம் ஏற்கவில்லை. கூகுள் மேல்முறையீடு செய்தது; அபராதத்தில் 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.