மொகத்தம் குன்றடியில் ஒரு குப்பைத் தொழில்

கெய்ரோ நகரத்து வீட்டுக் குப்பையை ஒரு சொத்தாக மதித்து, அதை அள்ளிச் செல்லும் உரிமைக்காகக் கட்டட உடைமையாளர்களுக்குப் பணம் கொடுக்கவும் முன்வந்தவர்கள், 1910ஆம் ஆண்டையொட்டி எகிப்தின் மேற்குப் பாலைவனத்திலுள்ள தாக்லா என்னும் பாலைச்சோலையிலிருந்து ஜீவனம் தேடி அங்கு வந்து சேர்ந்த வாஹியாக்கள் ஆவர். உடைமையாளருக்கு ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, அவருடைய கட்டடத்தில் குடியிருப்போரிடம் மாதந்தோறும் சிறு கட்டணம் வசூலித்துக்கொள்வது அவர்களுடைய ஏற்பாடு. கட்டணத்தோடு காகிதமும் அவர்களுக்கு வரும்படி தந்தது. நகரத்தின் பொதுக் குளிப்பு மண்டபங்களில் வெந்நீர் காய்ச்சிய உலைகளுக்கும், எகிப்தியரின் காலை உணவாகிய ஃபூல் பயறு இரவு முழுதும் மெல்ல வெந்துகொண்டிருந்த பெரும் பானைகளுக்கும், விறகு அரிதான அந்நாட்டில் காய்ந்த குப்பையே எரிபொருளாக உதவியது. ஆகவே பழங்காகிதத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது.

இந்த வர்த்தகத்தைக் குலைத்தது கனவகை எரியெண்ணெய். உலைக்காரர்கள் எண்ணெய்க்கு மாறியதும் காகிதத்தின் விலை விழுந்தது. எஞ்சியது உணவுக் கழிவு. அதைப் பிரயோஜனப்படுத்தப் பன்றி வளர்க்க வேண்டும், வாஹியாக்களோ முஸ்லிம்கள். இந்த இடைவெளியில்தான், 1930களிலும் அதைவிட அதிகமாக 1940களிலும், தெற்கே அஸ்யூத் பிரதேசத்து வறிய கிராமங்களிலிருந்து நிலமற்ற காப்டிக் கிறிஸ்துவ விவசாயிகள் குடும்பம் குடும்பமாகக் கெய்ரோவுக்கு வந்து, நகரத்தின் ஓரங்களில் தகரத்தாலும் கழித்த பலகையாலும் குடிசை கட்டிக்கொண்டு, பன்றிப் பட்டிகளை அமைத்தார்கள். ஸப்பாலீன் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் குப்பைக்காரர்கள் இவர்களே.

இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு சரித்திர மாணவன் நிதானித்துப் பார்க்க வேண்டியதொன்று. கட்டடத்தின் மீதுள்ள உரிமையும், குடியிருப்போர் தரும் மாதக் கட்டணத்தின் பெரும் பங்கும் வாஹியாக்களிடமே நின்றுவிட்டன. விடியற்காலையில் கழுதை வண்டி பூட்டிச் சென்று, ஏழெட்டு மாடிப் படிகளை ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் உள்ள கழிவைக் கூடையில் கவிழ்த்து முதுகில் சுமந்து வந்த ஸப்பாலீன் மக்களுக்கோ, பெரும்பாலும் அந்தக் குப்பையே கூலியாயிற்று. கூலி பெறும் தொழிலாளிக்குக் குப்பையை அப்புறப்படுத்துவதோடு வேலை தீர்ந்துவிடும்; குப்பையே கூலியாகப் பெறுகிறவன் அதில் ஒரு துணுக்கையும் வீணாக விட முடியாது. கண்ணாடி, எலும்பு, துணி, தகரம், அட்டை என்று எதற்கு எந்தக் கடையில் என்ன விலை கிடைக்கும் என்பதை அவன் அறிந்துகொண்டாக வேண்டும். பிற்காலத்தில், தாங்கள் கொண்டுவரும் குப்பையில் நூற்றுக்கு எண்பது பங்கை இவர்கள் மறுபடியும் பொருளாக மாற்றிவிடுகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டபோது, உலகத்தின் பல நாட்டு நகரசபைகள் வியந்து நின்றன. இந்தத் திறமைக்கு மூலகாரணம் நீதியற்ற அந்தப் பழைய உடன்பாடுதான் என்பது என் அபிப்பிராயம். இதை நினைக்கும்போது அத்திறமையைப் புகழ்வதில் எனக்குச் சற்றுத் தயக்கமும் உண்டாகிறது.

நகரம் விரிய விரிய இவர்களுடைய பட்டிகள் ஓரத்திலிருந்து மேலும் ஓரத்துக்குத் துரத்தப்பட்டன. நைல் நதியின் மேற்குக் கரையில் இம்பாபாவில் இருந்தவர்கள் 1970ஆம் ஆண்டையொட்டி வெளியேற்றப்பட்டு, நகரத்தின் கிழக்கெல்லையில் மொகத்தம் குன்றின் அடியில், கைவிடப்பட்ட கற்சுரங்கங்களுக்கு நடுவே குடியேறினார்கள். குடிநீரோ, சாக்கடையோ, மின்சாரமோ இல்லாத இடம் அது. ஆனால் காப்டிக் மக்களின் மனத்தில் அந்தக் குன்றுக்கு ஒரு புராதன மகிமை உண்டு. பத்தாம் நூற்றாண்டில், பாத்திமிய கலீபா அல் முயிஸ் விடுத்த சவாலுக்கு விடையாக, ஸீமோன் என்னும் தோல் பதனிடுபவரின் விசுவாசத்தால் அக்குன்று இடம் பெயர்ந்தது என்பது அவர்களுடைய ஐதீகம். தாழ்ந்த தொழில் என்று பிறர் ஒதுக்கிய ஒன்றைச் செய்த அந்த மகானின் பெயரால், பிற்காலத்தில் அங்கே பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட தேவாலயத்தில் பல்லாயிரம் பேர் ஒருங்கே அமரலாம்.

மொகத்தத்துக்கு வந்த சில வருஷங்களிலேயே குப்பையின் சுபாவம் மாறத் தொடங்கியது. 1974ஆம் ஆண்டில் அன்வர் ஸாதாத்தின் அரசாங்கம் எகிப்தின் பொருளாதாரக் கதவுகளை அந்நிய மூலதனத்துக்கும் இறக்குமதிக்கும் திறந்துவிட்டது. கடைகளில் உறையிட்ட பண்டங்களும், சவர்க்காரப் புட்டிகளும், தண்ணீர்ப் புட்டிகளும், கைப்பிடி வைத்த மெல்லிய பைகளும் பெருகின. பன்றி தின்னாத, மண்ணும் ஏற்காத பிளாஸ்டிக் அவர்களுடைய கூடைகளில் நிறையலாயிற்று. முதலில் அதைத் தரம் பிரித்து மூட்டை கட்டி, நகரத்து வியாபாரிகளுக்கு அற்ப விலைக்கு விற்றார்கள். வியாபாரி அதை அரைத்துத் துகளாக்கி இரண்டு மூன்று மடங்கு விலைக்குக் கொடுப்பதைக் கண்டபின், அந்த அரவை யந்திரத்தைத் தாங்களே வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1980களில் உலக வங்கியின் நகர அபிவிருத்தித் திட்டத்தாலும் தொண்டு ஸ்தாபனங்களின் முயற்சியாலும் மொகத்தத்துக்குத் தெருவும் நீரும் மின்சாரமும் வந்து, சிறு கடன்களும் கிடைக்கவே, வீடுகளின் தரைத்தளங்கள் ஒவ்வொன்றாகப் பட்டறைகளாக மாறின.

அந்தப் பட்டறையில் நடக்கும் காரியத்தைச் சற்று விவரமாகச் சொல்வது அவசியம். ஏனெனில், ஏதோ ஒரு யந்திரத்தில் குப்பையைக் கொட்டினால் மறுபுறம் புதுப்பொருள் விழுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழிலின் உயிர்நிலை தரம் பிரிப்பதில் இருக்கிறது. வண்டியிலிருந்து வீட்டு முற்றத்தில் கொட்டிய குவியலைச் சுற்றி, அந்த வீட்டுப் பெண்களும் சிறுமிகளும் அமர்ந்து கையாலேயே பிரிக்கிறார்கள். தண்ணீர்ப் புட்டி ஒரு ஜாதி. அதன் மூடி வேறு ஜாதி. சவர்க்காரப் புட்டியும், தயிர்க் கிண்ணமும், பையும் தனித்தனி. இரண்டு ஜாதியும் கலந்து உருகினால் இரண்டும் கெடும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவனவற்றை வளைத்தும், தட்டி ஓசை கேட்டும், ஓரத்தைக் கொளுத்தி வாசனை பார்த்தும் இன்னதென்று சொல்லிவிடும் தேர்ச்சி, ரசாயன நூலைத் தொட்டறியாத அம்மக்களுக்கு அனுபவத்தால் வாய்த்தது. பிறகு நிறம் பிரிக்க வேண்டும். வெள்ளைக்கும் தெளிந்ததற்கும் விலை அதிகம், கறுப்புக்கு மிகக் குறைவு. ஒட்டியுள்ள காகிதத்தையும் உலோக வளையத்தையும் நீக்கி, பற்சக்கர அரவை யந்திரத்தில் இட்டுச் சில்லாக்கி, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, மாடிகளில் வெயிலில் பரப்பி உலர்த்துகிறார்கள். உலர்ந்த சில்லை உருக்கு யந்திரத்தில் செலுத்தினால் அது இளகி, சேவைக் குழலிலிருந்து வருவதுபோல் நீண்ட இழைகளாக வெளிவந்து, தண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் குளிர்ந்து, கத்தியில் சிறு சிறு குருணைகளாக நறுக்கப்படுகிறது. அக்குருணையைத் தொழிற்சாலைகள் வாங்கின. சில பட்டறைகள் தாமே துணி மாட்டும் கொக்கிகளும், குழாய்களும், வாளிகளும் செய்து விற்றன. தண்ணீர்ப் புட்டிச் சில்லுகள் கடல் கடந்து, சீன தேசத்தின் ஆலைகளில் செயற்கை நூலிழையாகின.

இவ்வாறு பன்றிப் பட்டியிலிருந்து ஒரு கைத்தொழிற்பேட்டை எழுந்தது. 1990களின் தொடக்கத்தில் அதிகாரிகள் கழுதை வண்டிக்குத் தடை விதித்தபோது, வசதி படைத்த குடும்பங்கள் சிறு லாரிகளை வாங்கிக்கொண்டன. வாங்க முடியாதவர்கள் பிறருக்குக் கூலியாட்களானார்கள். யந்திரம் வைத்திருந்தவன் உயர, குவியலருகே அமர்ந்தவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஊசியும் உடைந்த கண்ணாடியும் கையைக் கிழித்தன. மஞ்சட்காமாலையும் இசிவு ஜன்னியும் சர்வசாதாரணமாயின. உருகும் பிளாஸ்டிக்கின் புகை படுக்கையறைவரை நிறைந்தது. பொருளாதார வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த மக்களுக்கு உதவியாக வந்தவர்களில் இருவரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பெல்ஜியத்தில் 1908ஆம் ஆண்டில் பிறந்த சகோதரி எம்மானுவேல், பள்ளி ஆசிரியையாக நீண்ட காலம் கழித்துவிட்டு, பிறர் ஓய்வை நாடும் வயதில், 1971ஆம் ஆண்டில் எஸ்பத் அல் நக்ல் என்னும் குப்பைக்காரர் குடியிருப்பில் ஒரு சிறு குடிலில் வந்து தங்கி, இருபது வருஷங்களுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்தார். மற்றவர் லைலா இஸ்கந்தர் என்னும் எகிப்திய அம்மையார். பெண்கள் கழிவுத் துணியில் கம்பளம் நெய்து கொண்டே எழுத்தும் கணக்கும் கற்கும் முறை மொகத்தத்தில் வேரூன்ற உழைத்த அவருக்கு, 1994ஆம் ஆண்டில் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. பின்னர் ஆண்பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி இன்னும் விசித்திரமானது. பெயர் பெற்ற நிறுவனங்களின் ஷாம்பூப் புட்டிகளைப் போலி வியாபாரிகள் பொறுக்கி, மட்டச் சரக்கை நிரப்பி விற்றுவந்தார்கள். இதைத் தடுக்க, காலிப் புட்டிகளைக் கொண்டுவந்து அரைத்து அழிக்கும் பிள்ளைகளுக்கு நிறுவனத்தார் புட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். புட்டியை எண்ணுவதே கணக்குப் பாடம். அதன் மேலுள்ள பெயரை வாசிப்பதே எழுத்துப் பாடம்.

அரசாங்கத்தின் கண்ணுக்கு மட்டும் இவையொன்றும் புலப்படவில்லை. 2003ஆம் ஆண்டில் கெய்ரோவின் துப்புரவு, பதினைந்து வருஷ ஒப்பந்தத்தின் பேரில் ஸ்பெயின், இத்தாலி தேசத்து நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தப்படி அவர்கள் மறுசுழற்சி செய்ய வேண்டியது நூற்றுக்கு இருபது பங்குதான், மற்றதைப் புதைத்துவிடலாம். எண்பது பங்கை மீட்டுக்கொண்டிருந்தவர்களை ஒதுக்கிவிட்டு இருபது பங்குக்கு ஒப்பந்தம் செய்த அறிவை என்னவென்று சொல்வது! புதிய நிறுவனத்தார் தெருமுனையில் தொட்டிகளை வைத்தார்கள். வாசலில் வந்து வாங்கிச் செல்வதற்குப் பழகிய ஜனங்கள் தொட்டிவரை நடக்கவில்லை. தொட்டிகளும் களவு போயின. அழுத்து லாரிகள் பழைய கெய்ரோவின் சந்துகளில் நுழையவில்லை. குப்பைக் கட்டணம் மின்சாரக் கணக்கோடு சேர்த்து வசூலிக்கப்பட்டதால், அதையும் செலுத்தி, பழைய குப்பைக்காரருக்கும் தனியே கொடுத்து, ஒரு வேலைக்கு இரு கூலி கொடுத்த குடும்பங்கள் அநேகம்.

அடுத்த அடி 2009ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் விழுந்தது. பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் உலகெங்கும் பரவியபோது, எகிப்தில் ஒருவருக்கும் அந்நோய் காணப்படாதிருந்த நிலையிலேயே, தேசத்திலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொன்றுவிடும்படி அரசாங்கம் ஆணையிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு ஆதாரமில்லை என்று கூறியும் பயனில்லை. பன்றிகள் போனதும் உணவுக் கழிவை எடுத்துச் செல்வதால் குப்பைக்காரருக்கு லாபமில்லை. பிளாஸ்டிக்கையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். சில மாதங்களில் கெய்ரோவின் வீதிகளில் அழுகிய குவியல்கள் எழுந்தன. பன்றிக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வினவியவர்களுக்கு அப்போது விடை கிடைத்தது. ஒரே கூடையில் வரும் இரண்டையும் தாங்கி நின்றது ஒரே தொழில். ஒரு காலை வெட்டினால் மற்றது நொண்டத்தான் செய்யும்.

2013ஆம் ஆண்டில் லைலா இஸ்கந்தர் சுற்றுச்சூழல் மந்திரியானபோது, ஸப்பாலீன் குடும்பங்களைச் சட்டபூர்வமான சிறு கம்பெனிகளாகப் பதிவு செய்து, சில பேட்டைகளின் துப்புரவை அவர்களிடமே விடும் முயற்சி தொடங்கியது. அவர் பதவியில் இருந்த காலமோ சொற்பம். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா அந்நியக் கழிவுப் பிளாஸ்டிக்குக்குத் தன் துறைமுகங்களை மூடியது. தூரதேசத்துச் சந்தையை நம்பும் எந்தக் குப்பைத் தொழிலும் எவ்வளவு நிலையற்றது என்பதை உலகம் முழுவதும் உணர்ந்தது. 2020ஆம் ஆண்டில் எகிப்து தன் கழிவுகளுக்கென்று 202ஆம் எண்ணுள்ள தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது.

இதே வருஷங்களில் ஆப்பிரிக்காவின் மற்ற பாகங்களிலும் பிளாஸ்டிக்கைச் செல்வமாக்கும் ஆர்வம் மூண்டிருக்கிறது. ஐவரி கோஸ்ட் தேசத்தில் யுனிசெப் ஸ்தாபனத்தின் உதவியோடு கழிவுப் பிளாஸ்டிக் செங்கல்லால் வகுப்பறைகள் எழுந்தன. நைரோபியில் மணலோடு பிளாஸ்டிக்கைக் கலந்து நடைபாதைக் கற்கள் வார்க்கப்படுகின்றன. இம்முயற்சிகள் மெச்சத் தக்கவை. ஆனால் இவற்றுக்காக மூலதனம் திரட்டுவோரும் திட்டம் தீட்டுவோரும் யந்திரத்தின் விலையைக் கேட்கும் ஆவலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட, குவியலருகே அமர்ந்து தரம் பிரிப்பவளுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதில் காட்டுவதாகத் தெரியவில்லை. மொகத்தத்தில் அவளுக்குக் கூலி கொடாமல் குப்பையைக் கொடுத்தார்கள். அந்தத் தவற்றை வேறு நகரங்கள் மறுபடியும் செய்ய வேண்டியதில்லை. அவளுடைய கூலியைக் கணக்கின் முதல் வரியில் எழுதிவிட்டுத் தொழிலைத் தொடங்கட்டும்.